நடராசர் சிலையும் நாடுகளின் உடன்படிக்கையும்

ஜெனீவா நகரின் அயலிலே, சுவிற்சர்லாந்தும் பிரான்சும் கூடும் எல்லையிலே, ஐரோப்பிய அணுக்கரு ஆராய்ச்சி நிறுவனம் அமைந்துள்ளது. செர்ன் என உலகம் அறியும் அந்நிறுவனத்தின் வளாகத்தில், 2004 ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் ஆடவல்லான் திருவுருவம் ஒன்று நின்று விளங்குகின்றது. அதன் அருகேயுள்ள பலகையில், ஈழத்திற் பிறந்த கலையறிஞர் ஆனந்த குமாரசுவாமியின் கூற்றும் பொறிக்கப்பட்டுள்ளது. இச்செய்தி சைவர்தம் மேடைகளிற் பலகாலும் எடுத்தோதப்படுவதாயிற்று. மேனாட்டு விஞ்ஞானம் ஈற்றிலே தில்லைக் கூத்தன் திருவடியை அடைந்தது என்றும், ஐந்தொழில் தத்துவத்தை ஆய்வுகூடமே ஒப்புக்கொண்டது என்றும் சொற்பொழிவாளர் பெருமிதங் கொள்வர்.

அப்பெருமிதம் இயல்பானதே. ஆயினும், அச்சிலையை ஆங்கு நிறுத்தியது யாது என்னும் வினாவை அவர் எழுப்புவதில்லை. அது துணிக்கை ஆராய்ச்சியின் முடிபாகக் கிடைத்ததன்று. இந்திய அரசாங்கம் அந்நிறுவனத்தோடு நெடுங்காலம் பூண்ட உறவின் அடையாளமாக வழங்கிய பரிசாகும். துணிக்கைகள் தோன்றியும் மறைந்தும் இயங்குவதைக் கூத்தோடு ஒப்பிடுதல் அழகுடைத்து. ஆனால் ஒப்புமை வேறு, நிறுவல் வேறு. சிலையின் உண்மைப் பொருளை உணர விரும்புவோர், அது நிற்கும் இடத்தை ஆக்கிய உடன்படிக்கையை முதலிற் படித்தல் வேண்டும்.

இரண்டாம் உலகப் போர் ஐரோப்பாவின் ஆய்வுகூடங்களைச் சிதைத்தது. அறிஞர் பலர் அமெரிக்கா சென்றனர். அணுவின் உட்கருவை ஆராயும் பொறிகளோ தனியொரு நாட்டின் செல்வத்துக்கு அடங்காதவாறு பெருகின. 1949 ஆம் ஆண்டிலே பிரெஞ்சு அறிஞர் லூயி டி புறோலி பொது ஆய்வுகூடம் ஒன்றின் தேவையை எடுத்துரைத்தார். அடுத்த ஆண்டு புளோரன்சில் நடந்த யுனெஸ்கோ மாநாட்டிலே அமெரிக்க அறிஞர் இசிதோர் றாபி அதற்கான தீர்மானத்தைக் கொண்டுவந்தார். 1953 ஆம் ஆண்டு ஜூலை மாதம் 1 ஆந் திகதி உடன்படிக்கை எழுந்தது. 1954 ஆம் ஆண்டு செப்டெம்பர் 29 இல் அது நடைமுறைக்கு வந்தது. தொடக்க உறுப்பு நாடுகள் பன்னிரண்டு. போர் ஓய்ந்து பத்தாண்டும் நிறையாத அந்நாளில், பிரான்சும் மேற்கு ஜேர்மனியும் அவற்றுள் ஒருங்கே இடம்பெற்றன.

அவ்வுடன்படிக்கையின் சிறப்பு அதன் நடையில் இல்லை. அதன் விதிகளில் உள்ளது. படைத்துறைத் தேவைக்கான ஆராய்ச்சி ஆங்கு நிகழ்தல் ஆகாது. ஆய்வின் முடிபுகள் வெளியிடப்படல் வேண்டும். ஒவ்வொரு நாடும் தன் தேசிய வருமானத்துக்கேற்பப் பணம் செலுத்தல் வேண்டும். மன்றிலோ பெருநாடாயினும் சிறுநாடாயினும் வாக்கு ஒன்றே. நட்பை வியந்து பேசும் சொற்களைக் காட்டிலும் இவ்விதிகளே அந்நிறுவனத்தைத் தாங்கி வந்தன.

இதன் உண்மை எதிர்மறையானும் விளங்கும். ஐக்கிய அமெரிக்கா, தெக்சாசில் 87 கிலோமீற்றர் சுற்றளவுள்ள மோதுபொறி ஒன்றைப் பெரிதும் தன் பொருட்செலவிலேயே அமைக்க முற்பட்டது. நிலத்தடிக் குகைவழியின் ஒரு பகுதி தோண்டப்பட்ட பின்னர், 1993 ஆம் ஆண்டு அந்நாட்டுக் காங்கிரஸ் பணத்தை மறுத்தது, வேலை நின்றது. ஜெனீவாவின் 27 கிலோமீற்றர் மோதுபொறியோ பல நாடுகளின் பொறுப்பிலே நிறைவெய்தி, 2012 ஆம் ஆண்டு ஹிக்ஸ் துணிக்கையைக் காட்டிற்று. ஓர் அரசின் ஊக்கம் தளரினும் ஏனையோரின் கட்டுப்பாடு வேலையைக் காத்துநின்றது. அமெரிக்காவும் பின்னர் அப்பொறிக்குப் பொருள் உதவிற்று.

இனி, குறையும் கூறுதல் கடன். விஞ்ஞானத்துக்கு எல்லையில்லை என்பது மேடைமொழி. எல்லையின் மேலேயே நிற்கும் அந்நிறுவனம் எல்லைகளை அழித்ததன்று. அவற்றை ஒழுங்கு செய்தது. 2025 ஆம் ஆண்டில் முழு உறுப்பு நாடுகள் இருபத்தைந்து. அவற்றுள் இஸ்ரவேல் நீங்கலாக யாவும் ஐரோப்பிய நாடுகள். 2015 இல் பாகிஸ்தானும் 2017 இல் இந்தியாவும் இணை உறுப்பினராயின. பகைமை பாராட்டும் இவ்விரு நாடுகளும் ஒரு கூரையின்கீழ் வேலை செய்தல் மகிழ்தற்குரியது. ஆயினும் இணை உறுப்பினர்க்கு மன்றிலே வாக்கில்லை. பொருள் குறைந்த நாடுகளுக்கு வாயில் ஒடுங்கியே உள்ளது.

போரும் அவ்வாயிலைத் தாண்டி உட்புகுந்தது. அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் பகைத்துநின்ற நாளிலேயே, 1967 இல், செர்ன் சோவியத் நாட்டோடு உடன்படிக்கை செய்திருந்தது. 2022 ஆம் ஆண்டு ருஷ்யா உக்கிரேன் மீது பெரும்படையெடுத்தது. உக்கிரேன் 2016 முதல் இணை உறுப்பு நாடாகும். உறுப்பு நாடொன்றைத் தாக்கியவரோடு உறவு கொண்டாடல் எளிதன்று. 2024 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தோடு ருஷ்யாவுடன் இருந்த உடன்படிக்கை முடிவுற்றது. ருஷ்ய நிறுவனங்களைச் சார்ந்த ஏறத்தாழ 500 ஆய்வாளர் இதனால் தாக்குண்டனர். எனினும் ருஷ்யாவின் டுப்னாவிலுள்ள பன்னாட்டு அணுக்கரு நிறுவனத்தோடு பூண்ட தொடர்பை மன்று அவ்வாண்டில் அறுக்கவில்லை. கண்டித்தலும் வேண்டும், கதவை முற்றாக அடைத்தலும் தகாது என்னும் தடுமாற்றம் இம்முடிபுகளிலே தோன்றுகின்றது. அதனைக் கோழைமை எனல் பொருந்தாது. தூய விஞ்ஞானத்தின் வெற்றி எனலும் பொருந்தாது. அரசுகளின் பணத்தால் வாழும் அறிவுக்கு அரசுகளின் போரிலும் பங்குண்டு என்பதே உண்மை.

அவ்வாறாயினும், வெளியிடுதல் வேண்டும் என்னும் விதி வாக்கில்லாதாரையும் எட்டியுள்ளது. உலகளாவிய வலையின் மூல ஆணைநிரல்களை 1993 ஆம் ஆண்டு ஏப்பிரல் 30 இல் அந்நிறுவனம் எவரும் விலையின்றிக் கைக்கொள்ள விட்டது. உறுப்புரிமை பெறாத நாட்டு மாணவரும் அதனாற் பயன் பெற்றனர்.

ஊர் கூடினாலன்றித் தேர் நகராது என்பதைக் கோயில் வீதியிலே கண்டறிந்தவர் தமிழர். தேரின்மேல் வீற்றிருக்கும் மூர்த்தியைத் தொழுவோர், வடம் பிடித்தவரையும் வடத்தைத் திரித்தவரையும் மறத்தல் ஆகாது. ஜெனீவாவிலே ஆடும் பெருமானைப் பாராட்டும் மாணவன், பன்னிரண்டு நாடுகள் திரித்த அவ்வடத்தையும் ஆராய்வானாக. அதிலே தன் நாட்டுக்கு ஒரு பிடி கிடைத்தற்கு யாது செய்தல் வேண்டும் என்பது, பெருமிதத்தினும் பயனுள்ள வினாவாகும்.