ரீனா ரேணர் பாடல்களிற் பெருமிதம்

பாடுவோர் வாழ்க்கை வரலாறு அவர் பாடிய பாட்டுக்கு உரையாகுமா? உரையாகுமெனின், அவ்வுரையின்றிப் பாட்டுத் தன்னளவில் நின்று சுவை பயவாதா? இவ்வினாக்கள் எல்லாக் கலைஞர்க்கும் பொருந்துவனவேயாயினும், அமெரிக்கப் பொப்பிசைப் பாடகியாகிய ரீனா ரேணர் அம்மையாரைப் பற்றிப் பேசப் புகுமிடத்துத் தவிர்த்தற்கரியன ஆகின்றன. அம்மையார் 2023 ஆம் ஆண்டு மே மாதம் 24 ஆந் திகதி சுவிற்சர்லாந்திலே தமது 83 வயதிற் காலமானபொழுது, வெளிவந்த இரங்கலுரைகள் பல அவர் பட்ட துன்பங்களையே முதற்கண் விரித்துரைத்தன.

துன்பத்தை வென்றவரைப் போற்றுதல் நன்றே. ஆயினும் அப்புகழ்ச்சியினுள்ளே ஒரு வழு மறைந்து கிடக்கின்றது. பட்ட துன்பமே பாட்டாகியது என்று கூறுவோமாயின், துன்புறுத்தியவரே அப்பாட்டுக்குக் காரணர் என்பதும் உடன்வந்து முடியும். ஒரு பெண் அரை நூற்றாண்டு உழைத்துத் தேடிய கலைச்செல்வத்தை, அவளை அடித்தவனுடைய கணக்கில் வரவு வைப்பது நீதியாகுமா? ஆகாது. ஆதலின், அம்மையார் பாடல்களுள் யாம் பெரிதும் விரும்புவன ஆறனை எடுத்து, அவை தம்மளவில் எத்தகையன என ஈண்டு ஆராய முற்படுகின்றோம்.

ஆராய்ச்சிக்கு அளவுகோலாகத் தொல்காப்பியர் கூறும் மெய்ப்பாடுகளுள் இரண்டைக் கொள்ளலாம். அழுகை என்பது இளிவு, இழவு, அசைவு, வறுமை ஆகிய நான்கினின்றும் பிறக்கும்; பெருமிதம் என்பது கல்வி, தறுகண், புகழ், கொடை ஆகியவற்றினின்றும் பிறக்கும். அம்மையார் வாழ்வில் அழுகைக்குரிய நிலைக்களன்கள் நான்கும் நிறைந்திருந்தன. அவர் பாட்டில் நிறைந்திருப்பதோ பெருமிதம். இதுவே எமது கோள்.

வாழ்க்கைச் செய்தி சிறிது வேண்டும். 1939 ஆம் ஆண்டு நவம்பர் 26 ஆந் திகதி ரெனசி மாநிலத்திற் பிறந்த அன்னா மே புலொக் என்னும் பெண், பருத்தி விளையும் நட்புஷ் என்ற சிற்றூரில் வளர்ந்தார். செயின்ற் லூயிஸ் நகரில் ஐக் ரேணர் என்பாரின் இசைக்குழுவிற் சேர்ந்தார். ரீனா ரேணர் என்னும் பெயரைச் சூட்டியவர் அவரே. பின்னர்க் கணவராகிப் பல்லாண்டு அடித்துத் துன்புறுத்தியவரும் அவரே. 1976 ஆம் ஆண்டு யூலை மாதம் டல்லாஸ் நகரிலே அம்மையார் அவரை விட்டு நீங்கினார். அப்பொழுது கையில் இருந்தது 36 சதம்.

முதற்பாடல் 1960 இல் வெளிவந்த ‘ஏ ஃபூல் இன் லவ்’. பாடவேண்டிய ஆடவர் ஒலிப்பதிவுக்கு வாராமையால் இளம்பெண்ணொருத்திக்குக் கிடைத்த வாய்ப்பு அது. தன்னை வருத்தும் காதலனை விடமுடியாத பேதைமையே பாட்டின் பொருள். சொற்கள் தாழ்ந்து நிற்கின்றன; குரலோ தாழ மறுக்கின்றது. தொடக்கத்திலேயே எழும் அக்கரகரத்த கூவல், அடங்கியவளுடைய கூவலன்று. சொல்லுக்கும் குரலுக்கும் இடையேயான இம்முரணே அப்பாட்டின் உயிர்.

இரண்டாவது 1966 இல் பில் ஸ்பெக்ரர் உருவாக்கிய ‘றிவர் டீப், மவுண்டன் ஹை’. பல கருவிகள் ஒன்றன்மேலொன்றாக அடுக்கப்பட்டு மதில்போல் நிற்கும் இசை அது. தட்டில் ஐக் ரேணரின் பெயரும் பொறிக்கப்பட்டதாயினும் பதிவில் அவர்க்குப் பங்கில்லை. கூவலை விடுத்து, மெட்டினை மெட்டாகவே பாடும் பயிற்சியை இங்கே காண்கின்றோம். பெருமிதத்துக்கு முதல் நிலைக்களன் கல்வி என்றமை நினைக்கத்தக்கது. அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 88 ஆம் இடத்தோடு நின்ற இப்பாட்டு, பிரித்தானியாவில் 3 ஆம் இடத்தை எய்தியது.

மூன்றாவது 1971 இன் ‘பிரவுட் மேரி’. அம்மையார் பெரும்பாலும் பிறர் இயற்றியவற்றையே பாடினார், ஆதலின் அவரைப் படைப்பாளர் எனல் தகுமா என்று வினவுவோர்க்கு இப்பாட்டே விடை. ஜோன் ஃபோகட்டி இயற்றி 1969 இல் தம் குழுவினருடன் பாடியபோது, அஃது ஒரே சீரான நடையிற் செல்லும் ஆற்றுப்பாட்டு. அம்மையாரோ முற்பகுதியை மெல்லப் பாடி, மென்மை முடிந்தபின் வன்மை வருமென முன்னரே அறிவித்துவிட்டுப் பிற்பகுதியைப் புயலாக்குகின்றார். சொல் மாறவில்லை, காலப்பிரமாணம் மாறியது, பாட்டே வேறாயிற்று. நகரத்து வேலையைத் துறந்து ஆற்றோடு போகும் ஒருவர் கதை, தளைநீங்கும் எவர்க்கும் உரிய கதையாயிற்று. இதனைப் படைப்பு என்னாது வேறென்னென்பது?

நான்காவது 1973 இன் ‘நட்புஷ் சிற்றி லிமிற்ஸ்’. இஃது அவரே இயற்றியது. தேவாலயம், பருத்தி அரைக்கும் ஆலை, பாடசாலை, நெடுஞ்சாலை என ஊர்ப்பொருள்களை அடுக்கிச் செல்வதன்றி, புகழ்ச்சியோ இகழ்ச்சியோ ஒரு சொல்லும் இல்லை. ஊரின் எல்லையே அவ்வூரில் வாழ்வார்க்கும் எல்லை என்பதைக் கேட்போர் தாமே உணரவிடுகின்றார். சொல்லாது உணர்த்தும் இவ்வடக்கம் பெரும்புலவர்க்கும் எளிதன்று.

இதன்பின் இழவும் வறுமையும் சூழ்ந்த ஆண்டுகள். விடுதி மண்டபங்களிலும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளிலும் பாடிக் கடன் தீர்த்தார். மீட்சி 1984 இல் ‘பிறைவேற் டான்சர்’ என்னும் இசைத்தட்டோடு வந்தது. அதனுள் உள்ளன எஞ்சிய இரண்டும்.

‘வாட்ஸ் லவ் கொற் ரு டூ வித் இற்’ என்னும் பாட்டினை ரெறி பிரிற்றனும் கிரஹாம் லைலும் இயற்றினர். தொடக்கத்தில் அம்மையார்க்கு அது பிடிக்கவில்லை. ஆயினும் 44 வயதில் அவரை முதன்முறையாக அமெரிக்கப் பட்டியலின் முதலிடத்தில் ஏற்றியது அதுவே. 1985 இல் அவ்வாண்டின் சிறந்த ஒலிப்பதிவுக்குரிய கிராமி பரிசும் பெற்றது. காதலுக்கு இங்கென்ன வேலை என்று சொல் மறுக்கின்றது. கூவ வல்ல குரல் கூவாது தாழ்ந்து ஒலிப்பதிலோ, அறிந்து அஞ்சிய நெஞ்சொன்று புலனாகின்றது. 1960 இல் சொல் அடங்கியது, குரல் அடங்கவில்லை. 1984 இல் குரல் தன்னைத் தானே அடக்கியது. முன்னையது பிறர் அடக்க அடங்காமை. பின்னையது தானே விரும்பி அடங்குதல். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தூரமே அம்மையாரின் கலைவளர்ச்சி.

ஆறாவது, தட்டின் பெயர் கொண்ட ‘பிறைவேற் டான்சர்’. மார்க் நொப்லர் இயற்றியது. கூலிக்கு ஆடும் ஒருத்தி, தன்முன் வரும் முகங்களைப் பார்ப்பதில்லை. வீடும் கணவனும் மக்களும் வேண்டுமென எண்ணுகின்றாள். இளிவும் வறுமையும் நிறைந்த இப்பொருளை எவர் பாடினும் அழுகையாகவே முடித்திருப்பர். அம்மையாரோ இரக்கம் வேண்டாத ஒருத்தியின் நிமிர்வோடு பாடுகின்றார். அழுகைக்குரிய பொருளைப் பெருமிதத்தாற் பாடியமையால், ஆறனுள்ளும் இதுவே தலையாயது என்பது எமது துணிபு.

1989 இல் வெளிவந்த ‘த பெஸ்ற்’ என்னும் பாட்டினை விடுத்தது ஏன் எனச் சிலர் வினவக்கூடும். விளையாட்டரங்குகளில் வெற்றிமுழக்கமாக ஒலிப்பது அது. அதிற் குரல் உண்டு, முரண் இல்லை. புகழ்ச்சி மேலும் புகழ்ச்சியாகவே வளர்ந்து முடிகின்றது. எதிர்ப்பதற்கு ஒன்றில்லாதவிடத்துப் பெருமிதம் ஆரவாரமாகிவிடுகின்றது. ஆதலின் அஃது இவ்வரிசையிற் சேரவில்லை.

இறுதியாக ஒன்று. 1978 இல் மணவிலக்கு முடிவானபோது அம்மையார் சொத்துரிமைகளிற் பெரும்பாலனவற்றை விட்டுக்கொடுத்து, மேடைப்பெயரைத் தமக்கென நிறுத்திக்கொண்டார். அப்பெயர் பிறர் சூட்டியது. பாட்டுக்களும் பெரும்பாலன பிறர் இயற்றியன. இரண்டையும் தமது உழைப்பால் வேறெவர்க்கும் உரிமையாகாதவாறு ஆக்கிக்கொண்டமையே அவர் செய்த அருஞ்செயல். அவர் பாடல்களைக் கேட்கும் மாணவர், வடுக்களைத் தேடாது குரலைக் கேட்பாராக. வடு அவர்க்குப் பிறர் தந்தது. குரலோ அவர் தாமே தேடிக்கொண்டது.