எட்டா, எட்டரையா? கித்தான் சப்பாத்து வாங்கும் முன்

சுங்கை சிப்புட் கடைகளில் கித்தான் சப்பாத்து கேட்கும்போது நாம் முதலில் சொல்வது ஓர் எண்: "எட்டு கொடுங்க." அந்த எட்டை நம்பாதீர்கள். பெட்டியில் எத்தனை சென்டிமீட்டர் என்று பாருங்கள். கான்வெர்ஸ் சக் டெய்லர், வேன்ஸ் ஒத்தென்டிக் இரண்டையும் போட்டு நடந்தபின் என் முடிவு இதுதான்.

இரண்டிலும் எனக்குப் பொருந்தியது 26.5 சென்டிமீட்டர். சக் டெய்லரில் அது அமெரிக்க அளவிலும் 8, பிரிட்டிஷ் அளவிலும் 8. வேன்ஸில் அமெரிக்க 8.5, பிரிட்டிஷ் 7.5. ஒரே காலுக்கு மூன்று எண்கள்! சக் டெய்லர் அரை அளவு பெரியதாக வரும் என்று கான்வெர்ஸ் நிறுவனமே சொல்கிறது.

பாதத்தை மாலை நேரத்தில் அளந்து பாருங்கள். நாளெல்லாம் நின்ற கால் அப்போது சற்று வீங்கியிருக்கும். காலுறை போட்டு, குதிகாலைச் சுவரோடு ஒட்டி, காகிதத்தின்மேல் நில்லுங்கள். மிக நீண்ட விரல் முடியும் இடத்தைக் குறியுங்கள். சிலருக்கு அது இரண்டாம் விரல். இரு கால்களில் பெரியதே உங்கள் அளவு.

அடுத்தது அகலம். சிலிப்பரிலேயே நடந்து பழகிய நம்மில் பலருக்கு முன்பாதம் விரிந்திருக்கும். சக் டெய்லர் அங்கேதான் ஒடுங்குகிறது. வேன்ஸ் என் விரல்களுக்குத் தாராளமாக இருந்தது. சுண்டுவிரல் பக்கம் துணி ரப்பர் பட்டைக்கு மேல் பிதுங்கினால் அந்தச் சப்பாத்து வேண்டாம். முதலில் முன்பக்கக் கயிற்றைத் தளர்த்திப் பாருங்கள். அகலத்துக்காக நீளத்தைக் கூட்டினால் குதிகால் வழுக்கி, தோல் உரியும்.

"போடப் போட விரிந்துவிடும்" என்பது பாதிதான் உண்மை. துணி அகலவாக்கில் கொஞ்சம் இளகும், ஆனால் நீளாது; காரணம் அடியிலுள்ள ரப்பர். பால்மரம் வெட்டிய குடும்பங்களுக்கு ரப்பர் பாலைத் தெரியும். அந்த ரப்பரில் கந்தகம் சேர்த்துச் சூடேற்றினால், இழுத்தாலும் பழைய வடிவுக்கே திரும்பும். 1839இல் சார்ல்ஸ் குட்இயர் கண்ட வழி அது. அடிப்பாகமும் சுற்றுப்பட்டையும் அப்படித்தான் துணியோடு இறுகுகின்றன. கடையில் விரலை இடித்தால் வீட்டிலும் இடிக்கும்.

பள்ளிச் சப்பாத்துக்கும் இதே கணக்குதான். வளரும் பிள்ளை என்று இரண்டு அளவு கூட்டி வாங்காதீர்கள். திடலில் ஓடும்போது தடுக்கும். விரல் நுனிக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டர் போதும்.

ஒல்லியான பாதத்துக்குச் சக் டெய்லர், அரை அளவு குறைத்து. அகன்ற பாதத்துக்கு வேன்ஸ். இரண்டையும் மாலையில், இரு கால்களிலும் போட்டு, கடைக்குள் நன்றாக நடந்து பார்த்தபின் பணம் கொடுங்கள்.