நிலமும் நோயும்: டாக்டர் வாட்சன் நூல் - ஒரு திறனாய்வு

ஒரு நூலின் பயன் அது எழுதப்பெற்ற காலத்தோடு முடிந்துவிடுவதில்லை. எழுதியவர் எண்ணிப் பாராத வாசகர் கைக்கு அது வந்து சேரும்பொழுது, அவர் எண்ணிப் பாராத பொருளையும் தருவதுண்டு. டாக்டர் மால்கம் வாட்சன் ஆங்கிலத்தில் எழுதிய ‘மலாய்க் கூட்டு மாநிலங்களில் மலேரியாத் தடுப்பு’ என்னும் நூல் அத்தகையது. அதன் முதற்பதிப்பு 1911-இல் வெளிவந்தது. இருபதாண்டு அனுபவத்தோடு விரிந்த இரண்டாம் பதிப்பு 1921-இல் வந்தது. அரசு அதிகாரிகளும் தோட்டத் துரைமார்களும் மருத்துவர்களும் படிப்பதற்கென்று எழுதப்பட்ட நூல் அது. ஆனால், அதில் எண்ணப்பட்டவர்களுள் மிகப் பலர் நம்மவர். பால்மரத் தோட்டங்களுக்கு வந்த தமிழ்த் தொழிலாளரும் அவர்தம் குழந்தைகளும் ஆவர். ஆகவே, மருத்துவ நூல்தானே என்று ஒதுக்கிவிடாமல், நம் வரலாற்று ஏடுகளுள் ஒன்றாக அதனை வைத்து நிறைகுறைகளைச் சீர்தூக்கிப் பார்ப்பது நம் கடமையாகும்.

வாட்சன் 1901-இல் கிள்ளானில் மாவட்ட மருத்துவராகப் பொறுப்பேற்றார். கொசுவின் உடலில் மலேரியாக் கிருமியை ரொனால்ட் ராஸ் செகந்தராபாத்தில் கண்டது 1897-இல். கண்டு நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. கிள்ளான் நகரைச் சதுப்பும் காடும் சூழ்ந்திருந்தன. அருகே புதிதாகத் திறக்கப்பட்ட போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம், அதாவது இன்றைய போர்ட் கிள்ளான், திறந்த சில வாரங்களிலேயே காய்ச்சலால் நிலைகுலைந்தது. காட்டை வெட்டி, சதுப்பை வடித்து, நீர் தேங்காமற் செய்யவேண்டும் என்று வாட்சன் வற்புறுத்தினார். அரசும் இசைந்தது.

அதன் பயனை அவர் காட்டும் முறையில்தான் நூலின் முதற்சிறப்பு விளங்குகிறது. கிள்ளானிலும் துறைமுகத்திலும் 1901-இல் எல்லா நோய்களாலும் இறந்தோர் 582 பேர். 1902-இல் அத்தொகை 144 ஆயிற்று, 1905-இல் 113. இவ்வளவோடு நிறுத்தியிருந்தால் அது வெறும் வெற்றிப் பறையாகவே இருந்திருக்கும். அந்த ஆண்டு மழை குறைவு, நோயின் வேகம் தானே தணிந்தது என்று எவரும் மறுத்துரைத்திருக்கலாம். வாட்சன் அவ்விடத்திலேயே பக்கத்து நிலத்தையும் காட்டுகிறார். வடிகால் வெட்டப்படாத, மாவட்டத்தின் ஏனைய பகுதிகளில் 1901-இல் இறந்தோர் 416, 1905-இல் 622. ஒரே மழை, ஒரே வெயில், ஒரே மாவட்டம். வேறுபட்டது நிலத்தின் நிலை ஒன்றே. புறப்பகுதியில் புதுத் தோட்டங்கள் திறக்கப்பட்டு மக்கள் தொகை பெருகி வந்ததையும் நாம் மனத்தில் கொள்ளவேண்டும். ஆயினும், ஒரு பக்கம் இறப்பு ஐந்தில் ஒரு பங்காகக் குறைய, மறுபக்கம் ஏறியதற்கு மக்கட்பெருக்கம் மட்டும் விடையாகாது. நோயை ஆளோடு மட்டும் வைத்துப் பாராமல் இடத்தோடு வைத்துப் பார்க்கும் முறைக்கு இதனினும் தெளிவான சான்று காண்பது அரிது.

இரண்டாவது சிறப்பு, அவர் எடுத்துக்கொண்ட அளவுகோல். மலேரியா பலமுறை தாக்கினால் மண்ணீரல் வீங்கும். வயிற்றைத் தொட்டுப் பார்த்தே அதனை அறியலாம். வாட்சன் தோட்டந்தோட்டமாகச் சென்று குழந்தைகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். நூற்றுக்கு எத்தனை பேருக்கு வீக்கம் என்று குறித்தார். அவர்கள் குடியிருந்த லயம் காட்டோரத்திலிருந்து எவ்வளவு தூரம் என்றும் குறித்தார். இரண்டையும் ஒருங்கே வைத்தபொழுது உண்மை வெளிப்பட்டது: சமநிலத் தோட்டங்களில் காட்டை நெருங்கிய லயங்களில் வீக்கம் மிகுதி, விலகிய லயங்களில் குறைவு. பெரியவர்களை விட்டுக் குழந்தைகளைத் தேர்ந்தது ஏன்? பெரியவர்கள் தோட்டம் விட்டுத் தோட்டம் மாறுவோர். அவர் உடலில் உள்ள நோய் எந்த மண்ணில் பற்றியது என்று சொல்லுதல் இயலாது. ஓரிடத்திலேயே பிறந்து வளர்ந்த குழந்தையின் உடலோ அவ்விடத்தின் கதையைத் தன்னிடத்தே எழுதி வைத்திருக்கிறது.

மூன்றாவது சிறப்பே தலையாயது; அது ஒரு தோல்வியிலிருந்து பிறந்தது. காட்டை வெட்டு, கான் வெட்டி நீரை வடி என்னும் விதி கடலோரச் சமநிலத்தில் வென்றது. அதே விதியை மலைச்சாரல் தோட்டங்களில் கையாண்டபொழுது காய்ச்சல் தணியவில்லை. ஆராய்ந்தபொழுது காரணம் புலப்பட்டது. சமநிலத்தில் நோய் பரப்பிய அனோபிலிஸ் உம்ப்ரோசஸ் காட்டு நிழலில் தேங்கிய நீரில் முட்டையிடுவது. நிழல் போனால் அது போய்விடும். மலைச்சாரலில் நோய் பரப்பும் அனோபிலிஸ் மாக்குலேட்டஸோ வெயில் படும் தெளிந்த ஓடைகளிலும் ஊற்றுக் கசிவுகளிலும் பெருகுவது. காட்டை வெட்டி ஓடையை வெயிலுக்குத் திறந்துவிட்டவன், அறியாமலே அதற்குத் தொட்டில் கட்டினான்! அங்கே ஏற்ற வழி, நீரைக் குழாய் வைத்து மண்ணுக்கடியில் செலுத்துவது. அல்லது நீர்மேல் எண்ணெய் தெளிப்பது. சிலவிடங்களில் மலையிடுக்குக் காட்டை வெட்டாமலே விடுவது. ஒரு நிலத்தில் உயிர் காத்த அறிவு மற்றொரு நிலத்தில் உயிர் குடித்தது என்பதை இந்நூல் மறைக்காமற் கூறுகிறது. தம் விதி பொய்த்த இடத்தைத் தாமே சுட்டிக்காட்டும் ஆசிரியரிடத்து நமக்கு மதிப்பு மிகுகிறது.

தமிழ் படித்தவர்க்கு இவ்விடத்தில் திணைப் பாகுபாடு நினைவுக்கு வராமற் போகாது. நிலத்தை முதற்பொருள் என்றும், அந்நிலத்து மரமும் விலங்கும் புள்ளும் கருப்பொருள் என்றும் வகுத்தது நம் இலக்கணம். குறிஞ்சிக்குரியதை மருதத்தில் வைத்துப் பாடினால் ஆசிரியர் திருத்துவார். சமநிலத்து விதியை மலையில் ஏற்றியதும் அத்தகைய பிழையே. இதனைக்கொண்டு, கொசுவின் இயல்பை நம் முன்னோர் அன்றே அறிந்திருந்தனர் என்று பெருமை பேசுதல் வேண்டா. அவர்கள் அறிந்தது அதுவன்று. நிலத்துக்கேற்பவே உயிர்கள் அமையும் என்னும் பார்வை நமக்குப் புதிதன்று என்ற அளவில் நிறுத்திக்கொள்வோம். வகுப்பறையில் திணையைக் கற்பிக்கும் ஆசிரியர், இந்த இரு கொசுக்களையும் எடுத்துக்காட்டாகக் கூறினால், மாணவர் மனத்தில் அது மறவாமல் நிற்கும்.

இனிக் குறைகளைக் காண்போம். இந்நூலில் தொழிலாளி எண்ணப்படுகிறான், பேசுவதில்லை. அவனுடைய மண்ணீரல் அட்டவணையில் இடம்பெறுகிறது. அவனுடைய சொல் இடம்பெறவில்லை. பெரட்டுக்கு வந்து நின்றவன் கையில் கொயினா கொடுத்து விழுங்கச் செய்தார்கள். அக்கசப்பைப் பற்றி அவன் என்ன நினைத்தான், பிள்ளையைப் புதைத்த தாய் யாரை நொந்துகொண்டாள் என்பனவற்றை நாம் இந்நூலில் அறிதற்கில்லை. ‘புதுத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை’ என்று நம் பாட்டன்மார் சொன்னதாகக் குடும்பங்களில் கேட்டிருக்கிறோம். அந்த ஒரு வரியில் உள்ள துயரம் எந்த அட்டவணையிலும் இல்லை.

இதனினும் பெரிய குறை ஒன்று உண்டு. லயம் எங்கே நிற்கிறது என்பதை வாட்சன் நுட்பமாக அளந்தார். அங்கே நிறுத்தியவர் யார் என்னும் கேள்வியை அந்த அளவு எழுப்பவில்லை. காட்டோரத்தில் வீடு கட்டிக்கொள்ளத் தொழிலாளி விரும்பவில்லை. விலகிக் கட்டிக்கொள்ள அவனுக்கு உரிமையும் இல்லை. இடம் குறித்தவர் துரை, குடியேறியவன் கூலி. ஆகவே, காட்டுக்கும் லயத்துக்கும் இடைப்பட்ட தூரம் வெறும் நில அளவன்று. அது அதிகாரத்தின் அளவும் ஆகும். வரைபடம் நோய் எங்கே உள்ளது என்று காட்டும். அந்த இடத்தில் இன்னார் ஏன் வாழ நேர்ந்தது என்பதை நாமே கேட்டால்தான் விடை கிடைக்கும். இக்குறையை வாட்சன் ஒருவர்மீது சுமத்துவது முறையாகாது. தொழிலாளி உயிர் பிழைத்தால் தோட்டத்துக்கு ஆதாயம் என்று காட்டினாலன்றிப் பணப்பெட்டி திறவாத காலம் அது. அந்தக் காலத்தில் பல்லாயிரவர் உயிரை அவர் காத்தார் என்பதை நன்றியோடு ஒப்புவோம்.

இந்நூல் பழங்கதையாகிவிட்டதா? இல்லை. மலேசியாவில் மனித மலேரியா உள்நாட்டில் பரவி ஒருவருக்கேனும் வந்ததாக 2018-இல் பதிவில்லை. இது பெருஞ்சாதனை. ஆனால் குரங்குகளிடமிருந்து காட்டுக் கொசு வழியாக மனிதரைப் பற்றும் நோலேசி மலேரியா தொடர்கிறது. சரவாக்கின் காப்பிட் பகுதியில் அது மக்களிடையே பரவலாக இருப்பதை 2004-இல் பேராசிரியர் பல்பீர் சிங்கும் அவர் குழுவினரும் வெளிப்படுத்தினர். சாபாவில் செயற்கைக்கோள் படங்களைக்கொண்டு ஊர்களைச் சூழ்ந்த காடு எவ்வளவு அழிந்தது என அளந்து, அதனை நோயுற்றோர் தொகையோடு ஒப்பிட்ட ஆய்வு 2016-இல் வெளிவந்தது. காடு அழிந்த ஊர்களில் நோய் மிகுந்திருந்தது. கருவி மாறியது, கேள்வி மாறவில்லை. காட்டோரத்தில் உழைப்பவரே இன்றும் இந்நோய்க்கு முதலில் ஆளாகின்றனர்.

ஆசிரிய அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயம் நின்ற இடம் அறிந்த முதியோரும் குறைந்து வருகின்றனர். மாணவர்களை அவர்களிடம் அனுப்புங்கள். லயம் எங்கே இருந்தது, ஓடை எங்கே ஓடியது, காடு எங்கே தொடங்கியது, மருத்துவமனைக்கு எவ்வளவு தூரம் நடந்தார்கள், இடுகாடு எந்தப் பக்கம் என்று கேட்டு ஒரு தாளில் வரையச் சொல்லுங்கள். வாட்சன் அட்டவணையில் இல்லாத பெயர்கள் அந்தத் தாளில் இருக்கும். அவ்விரண்டையும் ஒருங்கே வைத்துப் படித்தால்தான் நம் வரலாறு முழுமை பெறும்.