தொலைநிலை மாணவரும் நூலக வாசலும்: தாம்பரத்திலும் யாழ்ப்பாணத்திலும்

தொலைநிலைக் கல்வியில் எம்.ஏ. படிக்கிறவருக்கு முதல் ஆண்டில் நூலகம் பெரிதாகத் தேவைப்படுவதில்லை. பல்கலைக்கழகம் அனுப்பும் பாடநூல் கட்டே தேர்வுக்குப் போதும். ஆய்வேடு எழுதும் கட்டம் வந்ததும் நிலைமை மாறுகிறது. "இந்தத் தலைப்பில் முன்னால் யார் யார் ஆய்வு செய்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வாருங்கள்" என்கிறார் வழிகாட்டி. எங்கே போய்ப் பார்ப்பது? தாம்பரம் மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தில் ஷிஃப்ட் முடித்து வருகிறவர், முடிச்சூரில் டியூஷன் எடுத்துக்கொண்டே வரலாறு படிப்பவர், சேலையூரில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத் தமிழ் இலக்கியம் படிப்பவர், எல்லாரும் இந்தக் கேள்வியில்தான் முட்டி நிற்கிறார்கள். கிளிநொச்சியில் வேலை பார்த்துக்கொண்டே இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஆசிரியருக்கும் இதே கேள்வி வருகிறது. அங்கே கிடைக்கும் விடை வேறு.

தாம்பரத்தில் நூலகத்துக்குக் குறைவில்லை. 1837இல் தொடங்கிய சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937இல் தாம்பரத்துக்கு வந்தது. அதன் மில்லர் நினைவு நூலகம் இந்த வட்டாரத்தின் பழைய கல்லூரி நூலகங்களில் ஒன்று. அதைச் சுற்றி எத்தனையோ கலைக் கல்லூரிகளும் பொறியியல் கல்லூரிகளும் வந்துவிட்டன. ஆனால் கல்லூரி நூலகம் என்பது பொதுவாக அந்தக் கல்லூரி மாணவருக்கும் ஆசிரியருக்கும் உரியது. வெளியாள் வந்தால் அறிமுகக் கடிதம் கேட்பார்கள். அதை ஏற்று உட்கார்ந்து வாசிக்க விடும் நூலகர்களும் உண்டு, விதியைக் காட்டித் திருப்பி அனுப்புகிறவர்களும் உண்டு. நாற்காலியும் பணமும் அளவாக இருக்கும்போது அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குறை ஏற்பாட்டில் இருக்கிறது.

தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002இல் அமைந்தது, சைதாப்பேட்டையில் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தொலைதூரக் கல்விப் பிரிவு 1981 முதல் சேப்பாக்கத்தில் இயங்கிவருகிறது. இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985இல் வந்தது. இவற்றின் மையங்கள் பல, ஊர்க் கல்லூரிகளுக்குள்ளேயே நடக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை வகுப்பு வைப்பார்கள். நான் பார்த்த வரையில், அன்றைக்கு வகுப்பறை திறந்திருக்கும், மின்விசிறி சுற்றும், வருகைப் பதிவேடு சுற்றி வரும். அதே கட்டடத்தில் நூலகம் பூட்டியிருக்கும். வாரத்தில் அந்த ஒரு நாள் மட்டும் கல்லூரிக்குள் வரும் மாணவருக்கு அந்தப் பூட்டுதான் கண்ணில் படுகிறது.

இந்தக் குறையைச் சென்னை நகரம் பெருமளவு ஈடுகட்டிவிடுகிறது. இங்கே தொலைநிலை மாணவருக்கு மெய்யான ஆய்வு நூலகம் அவருடைய பல்கலைக்கழகத்துக்கு வெளியேதான் இருக்கிறது. அதற்கு ஒரு சட்டக் காரணமும் உண்டு. 1948இல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டம் நூலகத்துக்கென்று தனி வரி வைத்தது. தாம்பரம் மாநகராட்சியில் சொத்து வரி கட்டுகிற ஒவ்வொரு வீட்டுக்காரரும் அதில் 10 விழுக்காட்டை நூலக வரியாகச் சேர்த்தே கட்டுகிறார். ஆகவே பொது நூலகத்துக்குள் போகும்போது கூச்சப்பட வேண்டியதில்லை. நம் காசில் நடக்கிற இடம் அது.

கன்னிமாரா நூலகம் 1896இல் திறக்கப்பட்டது. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் அச்சாகும் நூல்களைப் பெறும் நான்கு நூலகங்களில் அதுவும் ஒன்று. தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் எழும்பூர். அங்கிருந்து நடக்கும் தூரம். பல்லாவரத்தில் வாழ்ந்த மறைமலையடிகள் தம் கைப்பொருளைக் கொட்டிச் சேர்த்த நூல்களும் இன்று அந்த வளாகத்தில்தான் இருக்கின்றன. நம் புறநகரில் ஒரு தனி மனிதர் ஆய்வு நூலகம் நடத்தியிருக்கிறார் என்பதைப் பல்லாவரம் பிள்ளைகளுக்கு யாராவது சொல்ல வேண்டும். கோட்டூர்புரத்தில் 2010 செப்டம்பர் 15 அன்று திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிக்கவே தனிப் பகுதி உண்டு. அடையாறு நூலகம் 1886 முதல் சுவடிகளையும் அச்சு நூல்களையும் காத்துவருகிறது.

தமிழ் ஆய்வு செய்கிறவர் கடைசியில் வந்து சேரும் இடம் தரமணி. உலகத் தமிழாராய்ச்சி நிறுவனமும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் அங்கே பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் 1992இல் காலமானார். அவர் வாழ்நாளெல்லாம் சேர்த்தவற்றைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, நாட்டை விட்டுக் கொண்டுபோகாமல், 1994இல் சென்னையிலேயே நூலகமாக்கியது. புத்தகத்தை வீட்டுக்குத் தர மாட்டார்கள், தரவும் கூடாது. 1930களின் இதழ் ஒன்றைத் திறந்து பாருங்கள். மரக்கூழ்த் தாளில் உள்ள அமிலம் ஓரங்களைப் பழுப்பாக்கி, மடித்த இடத்தில் தாளை ஒடித்திருக்கும்; பக்கத்தைப் புரட்டினால் மேசையில் தூள் விழும். அதனால்தான் அங்கே பலவற்றை நுண்படமாக எடுத்து வைத்திருக்கிறார்கள். வேளச்சேரிக்குப் பஸ், அங்கிருந்து பறக்கும் ரயில் என்று வருகிற மாணவர், பட்டியலை முன்கூட்டிப் பார்த்து, வேண்டிய இதழின் பெயரும் ஆண்டும் எழுதிக்கொண்டு வந்தால் அரை நாளில் நிறைய முடிக்கலாம். எதையும் குறிக்காமல் வந்தால் அந்த அரை நாள் தேடுவதிலேயே போய்விடும்.

இலங்கைக்கு வருவோம். அங்கே வெளியிலிருந்து படித்துப் பட்டம் வாங்கும் வழக்கம் நாட்டின் முதல் பல்கலைக்கழகத்தை விடப் பழையது. 1921இல் கொழும்பில் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி, லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டத்துக்குத்தான் மாணவரைத் தயார் செய்தது. இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல்தான் வந்தது. இன்றும் உயர்தரப் பரீட்சையில் தகுதி பெறுவோரில் ஒரு பகுதியினருக்கே பல்கலைக்கழகத்துக்குள் இடம் கிடைக்கிறது. மற்றவர்கள் வெளிவாரியாகவோ, 1980இல் இயங்கத் தொடங்கிய திறந்த பல்கலைக்கழகத்திலோ படிக்கிறார்கள்.

திறந்த பல்கலைக்கழகத்தின் தலைமை நூலகம் நுகேகொடையை அடுத்த நாவலையில் இருக்கிறது. கண்டி, மாத்தறை, யாழ்ப்பாணம் போன்ற பிராந்திய நிலையங்களிலும் நூலகம் உண்டு. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இதுதான். கிளிநொச்சி ஆசிரியர் பட்டப்பின் கல்வி டிப்ளோமாவுக்குச் செயல்நிலை ஆய்வு செய்யும்போது, 'நான் வெளியாள்' என்ற எண்ணத்தோடு எந்த வாசலிலும் நிற்க வேண்டியதில்லை. யாழ்ப்பாண நிலையத்து நூலகம் சிறியதுதான், ஆனாலும் அவருடையது. மாணவராகப் பதிந்தபோதே அந்த உரிமை அவருக்கு வந்துவிடுகிறது. தாம்பரத்து மாணவரிடம் இல்லாதது இந்த உரிமை.

யாழ்ப்பாணத்து மாணவரிடம் இல்லாதது தரமணி. நாவலை அவருக்கு ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தூரம். அச்சாகும் நூல்களைச் சட்டப்படி பெறும் பேராதனை நூலகமும் மலைநாட்டில் இருக்கிறது. பக்கத்தில் இருந்ததோ எரிந்தது. 1981 மே 31 இரவு தொடங்கிய வன்முறையில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின; ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் எரிக்கப்பட்டது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் 1974இல் தொடங்கிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் நூலகம் போர்க்காலத்தைத் தாண்டி நிற்கிறது என்பதே பெரிய காரியம்.

அந்த இழப்பிலிருந்து வந்த ஒரு முயற்சிக்காக, தொலைவில் இருந்து படிக்கும் தமிழர் எல்லாரும் நன்றி சொல்ல வேண்டும். 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய 'நூலகம்' இணைய நூலகம், ஈழத்து நூல், இதழ், செய்தித்தாள், பள்ளி மலர், கோயில் மலர் என்று கிடைத்ததையெல்லாம் மின்வடிவாக்கி, காசு வாங்காமல், கடவுச்சொல் கேட்காமல் வைத்திருக்கிறது. டொமினிக் ஜீவா 1966இல் தொடங்கிய 'மல்லிகை' இதழ்களைப் பற்றி ஆய்வேடு எழுத நினைக்கும் சேலையூர் மாணவி வீட்டில் இருந்தபடியே அவற்றைப் பக்கம் பக்கமாகப் படிக்கலாம். சென்னையில் வந்த 'மணிக்கொடி'யைப் பற்றி எழுத நினைக்கும் யாழ்ப்பாண மாணவருக்கு இந்த வசதி அதே அளவில் இல்லை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் நிறைய நூல்களைத் தருகிறது என்றாலும், அரிய இதழ் என்று வந்துவிட்டால் பெரும்பாலும் சென்னைக்கு ஆள் வர வேண்டியிருக்கிறது. செல்வம் மிகுந்த கரை, கொடுப்பதில் மற்றக் கரையிடம் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது என்பதே என் கருத்து. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளாகச் சொல்லப்படும் சி.வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும் யாழ்ப்பாணத்தார். அந்தப் பழைய போக்குவரத்து இன்று இணையத்திலாவது தொடர வேண்டும்.

இந்தியத் தரப்பில் இரண்டு வசதிகளை மாணவர்கள் போதிய அளவு பயன்படுத்துவதில்லை. முனைவர்பட்ட ஆய்வேடுகள் 'ஷோத்கங்கா' தளத்தில் எல்லாருக்கும் திறந்திருக்கின்றன. முன்னாய்வுகளைப் பார்க்கச் சொல்லும் வழிகாட்டிக்குப் பாதி விடை அங்கேயே கிடைக்கும். 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடக்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாயில், 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள் மத்திய, மாநில அரசுக் கல்வி நிறுவனங்களுக்குக் கிடைக்கின்றன. உங்கள் பல்கலைக்கழகம் தொலைநிலை மாணவருக்கும் இதில் நுழைவு தருகிறதா என்று நூலகருக்கு எழுதிக் கேளுங்கள். தொலைநிலையில் முனைவர் பட்டம் செய்ய யு.ஜி.சி. விதி இடம் தருவதில்லை. பகுதி நேரமாகச் சேர நினைக்கிறவர்கள் எம்.ஏ. படிக்கும்போதே இந்தத் தளங்களில் தேடிப் பழகிவிடுவது நல்லது.

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களிடம் கேட்க எனக்கு இரண்டே கோரிக்கைகள் உண்டு. தொலைநிலை மாணவருக்குத் தரும் அடையாள அட்டையிலேயே, அவர் வீட்டுக்கு அருகில் உள்ள ஒரு கல்லூரி நூலகத்தின் பெயரை அச்சிட்டு, அங்கே உட்கார்ந்து வாசிக்கும் உரிமையை எழுதிக் கொடுங்கள். அதற்கான செலவைக் கட்டணத்திலிருந்தே அந்தக் கல்லூரிக்குக் கொடுத்துவிடலாம். வகுப்பு நடக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் நூலகத்தையும் திறந்து வையுங்கள்.