டோம்ரெமியின் மணி

ஜோன் ஆஃப் ஆர்க்கைப் பற்றிப் பேசும்போது நாம் திரும்பத் திரும்பக் குறிப்பிடும் இரண்டு படைப்புகளிலும் அவளுடைய ஊர் இல்லை. பெர்னார்ட் ஷாவின் நாடகம் (1923) அவள் டோம்ரெமியை விட்டுக் கிளம்பிய பிறகு, வோகூலர் கோட்டையில் தொடங்குகிறது. டிரையரின் படத்தில் (1928) ரூவான் விசாரணை மட்டுமே. வெள்ளைச் சுவர்கள், முகங்கள். ஷா தம் முன்னுரையில் அவளை முதல் புராட்டஸ்டண்டு தியாகிகளில் ஒருத்தியாக்கி விடுகிறார். திருச்சபைக்கு எதிரே மனச்சாட்சியோடு தனித்து நிற்பவள். நமக்கு வசதியான ஜோன் இவள். இந்த வசதிதான் எனக்குச் சந்தேகம் தருகிறது.

1431 விசாரணையில் அவள் சொன்னது வேறு. கர்த்தர் கற்பித்த செபம், அருள் நிறைந்த மரியே, விசுவாசப் பிரமாணம் மூன்றையும் தாயிடம் கற்றாள். விசுவாசத்தை வேறு யாரிடமும் கற்கவில்லை. குரல் முதலில் கேட்டது பதின்மூன்று வயதில், கோடை நண்பகலில், தகப்பனாரின் தோட்டத்தில்.

1456இல் மறுவிசாரணைக்காக டோம்ரெமிக்கே போய்ச் சாட்சியம் எடுத்தார்கள். நூல் நூற்றாள், உழவுக்குப் போனாள், பெர்மோன் மாதா கோயிலுக்கு மெழுகுவர்த்தியோடு போனாள் என்று ஊரார் ஒரே வாய்ப்பாடாகச் சொல்கிறார்கள். இருபத்தைந்து ஆண்டு கழித்து வரும் புகழ்ச்சி, பாதியைத் தள்ளிவிடலாம். எனக்குத் தள்ள முடியாதவை இரண்டு. இரவுச் செபத்துக்கு மணியடிக்கத் தவறினால் ஜோன் திட்டுவாள், ஒழுங்காக அடித்தால் பரிசு தருவதாகச் சொல்வாள் என்கிறார் கோயில்பிள்ளை. தம் சோம்பலைத் தாமே ஒப்புக்கொள்ளும் சாட்சி. ஓயாமல் கோயிலுக்குப் போவதை ஊரார் சொல்லிக்காட்டினால் அவள் வெட்கப்படுவாள் என்கிறாள் ஒரு தோழி. ஊர் கொடுத்ததை ஊரைவிடக் கறாராக எடுத்துக்கொண்ட பெண் இங்கே தெரிகிறாள். கேலி செய்த ஊரும் அவளுடைய ஊர்தான்.

வனதேவதைகள் உலவுவதாகச் சொல்லப்பட்ட ஒரு மரம் அங்கே இருந்தது. பக்கத்து ஊற்றுநீரைக் காய்ச்சல்காரர்கள் குடிப்பார்கள். ஜோனும் மற்றப் பெண்களோடு அங்கே மாலை கட்டினாள். மாதா சுருபத்துக்கும் கட்டினாள். பங்குக் குருவே அந்த மரத்தடியில் சுவிசேஷம் பாடுவாராம். ஊர் இவற்றைச் சேர்த்தே வைத்திருந்தது. பாரிஸ் பல்கலைக்கழகத்தில் படித்த நீதிபதிகள் பிரித்தார்கள்: மாதா ஒரு பக்கம், பிசாசு ஒரு பக்கம். ஷா பிரித்தது இன்னொன்று: பெண் ஒரு பக்கம், ஊர் ஒரு பக்கம். இரண்டும் படித்தவர்கள் செய்த வேலை. நம் கதைகளில் வரும் விசுவாசியும் மந்தையாக இருக்கிறாள், அல்லது கலகக்காரியாக இருக்கிறாள். மூன்றாவதாக ஒருத்தியை நாம் எழுதவில்லை.

கர்த்தர் கற்பித்த செபத்தைச் சொல்லிக்காட்டு என்று ஆயர் கோஷோன் கேட்டபோது, என் பாவசங்கீர்த்தனத்தைக் கேளுங்கள், சொல்கிறேன் என்றாள். மனச்சாட்சியின் கலகம் என்று இதைப் படிப்பது எளிது. எனக்கு இதில் ஒரு கிராமத்துப் பெண்ணின் பழக்கம்தான் கேட்கிறது. செபம் பரீட்சைக்கு ஒப்பிக்கும் பாடமல்ல, குரு என்பவர் பாவசங்கீர்த்தனம் கேட்கிறவர் என்பதை அவள் டோம்ரெமியில் கற்றிருந்தாள். ஆயரை எதிர்த்து நிற்க அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.