கலெக்டர் கண்டதும் கேமரா கண்டதும்: 'திறந்த ஆதாரம்' குறித்துச் சில குறிப்புகள்

மதுராந்தகம் ஏரிக்கரைக் கோயிலில் இருப்பவர் ஏரி காத்த ராமர். கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1790-களில் செங்கல்பட்டு ஜாகீரின் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ், ஒரு மழை இரவில் ஏரி உடையப்போகிறது என்று பயந்து கரைக்குப் போகிறார். வில்லோடு இரண்டு இளைஞர்கள் காவல் நிற்பதைப் பார்க்கிறார். கரை உடையவில்லை. தாயார் சன்னதியைக் கட்டிக் கொடுக்கிறார். கல்வெட்டில் அவர் பெயர் இருக்கிறது. இருநூறு வருஷத்துக்கு மேலாச்சு, துரையைப் பார்த்து 'அத்தாட்சி எங்கே?' என்று ஒருத்தரும் கேட்டதாகத் தெரியவில்லை.

நூறு வருஷம் கழித்து அதே ஜில்லாவுக்கு வந்த இன்னொரு கலெக்டர் டிரெமென்ஹீர். அவர் பார்த்தது சேரிகளை. குடியிருக்கும் மனைகூடத் தமதில்லாத, கடனுக்கு அடிமைப்பட்ட, தரிசு கேட்டு மனுப்போட்டால் மிராசுதார்களால் தடுக்கப்பட்ட பறையர்களைப் பற்றி 1891-ல் அவர் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்துதான் 1892-ல் நிலம் ஒதுக்கும் அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதைத்தான். இந்தத் துரை கண்டதற்குச் சன்னதி எதுவும் எழும்பவில்லை. அறிக்கை பத்திரமாக இருந்தது. நிலம்தான் கைமாறிப் போனது.

இந்த இரண்டு பார்வைகளையும் சேர்த்து நினைக்க வைத்தது சமீபத்தில் நான் படித்த ஒரு பிரதி: பெர்க்லி நெறிமுறை. ஐ.நா. மனித உரிமை அலுவலகமும் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி மனித உரிமை மையமும் சேர்ந்து 2020 டிசம்பரில் வெளியிட்டவை. இணையத்தில் கிடைக்கும் வீடியோ, புகைப்படம், செயற்கைக்கோள் படம், அரசுப் பதிவேடு ஆகியவற்றைத் தேடி, சரிபார்த்து, பாதுகாத்து, மனித உரிமை மீறலுக்கான சாட்சியமாக முன்வைப்பது எப்படி என்று அது சொல்கிறது. நிழலின் நீளத்திலிருந்து நேரத்தைக் கணிப்பது, பின்னணியில் தெரியும் கோபுரத்தை வைத்து இடத்தைக் கண்டுபிடிப்பது என்று ஒரு புதிய வாசிப்பு முறையே இதைச் சுற்றி உருவாகியிருக்கிறது. நம் உண்மை அறியும் குழுக்கள் பஸ் பிடித்துப் போய், திண்ணையில் உட்கார்ந்து, நோட்டில் எழுதி வந்த காலம் முடிந்துவிட்டது என்று தோழர்கள் சிலர் உற்சாகப்படுகிறார்கள்.

எனக்கு உறுத்தியது அந்தப் பிரதியின் வரையறை. பொதுமக்களில் எவரும் பார்க்கவோ, விலைக்கு வாங்கவோ, கேட்டுப் பெறவோ முடிகிற தகவல் 'திறந்த' தகவல் என்கிறது அது. தனிச் சட்டத் தகுதியும் வேண்டாம், அத்துமீறலும் வேண்டாம். சரி, யார் இந்த 'எவரும்'? சாதி இல்லாத, தெரு இல்லாத ஒரு மனிதரை இந்தச் சொல் கற்பித்துக்கொள்கிறது. நம் தாலுகா ஆபீஸ் வாசலில் அப்படி ஒருத்தர் நின்று நான் பார்த்ததில்லை.

போன வருஷம் எங்கள் பக்கத்துக் கிராமத்துத் தம்பி ஒருவர் செல்போனைத் தூக்கிக்கொண்டு வந்தார். "அண்ணே, சேட்டிலைட்டுல வருஷா வருஷம் பாருங்க. இங்க நெல்லு. இங்க தரிசு. இங்க பாருங்க, கல்லு நட்டுட்டான்." அவர் தாத்தா உழுத நிலம், டி.சி. நிலம் என்று வீட்டில் எல்லோரும் சொல்வது. இணையத்தில் சர்வே எண்ணைத் தட்டினால் அ-பதிவேடு வருகிறது, வேறொருவர் பெயரில், குறிப்பு எதுவும் இல்லாமல், வெகு சுத்தமாக.

சிக்கல் இங்கேதான். 1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆர். என்கிற நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்துக்குப் பிறகான கணக்குதான் கணினிக்குள் ஏறியிருக்கிறது. பஞ்சமி நிலம் என்ற குறிப்பு பல இடங்களில் காணாமல் போனது அந்தக் கட்டத்தில்தான் என்பது நில மீட்பு இயக்கங்களின் நெடுநாள் குற்றச்சாட்டு. அதற்கு முந்தைய செட்டில்மெண்ட் பதிவேடு காகிதத்தில், பீரோவில், ஒரு ஊழியரின் மனநிலையில் இருக்கிறது. தம்பி கேட்டபோது கிடைத்த பதில்: "அதெல்லாம் செல்லரிச்சுப் போச்சுப்பா." ஆக, உலகம் முழுக்கத் திறந்து கிடப்பது களவுக்குப் பிந்தைய பிரதி. களவுக்கு முந்தைய பிரதிதான் பூட்டிக் கிடக்கிறது. திறந்திருப்பதை மட்டும் நம்பி விசாரணைக்கு இறங்குகிறவர், தன்னை அறியாமலேயே களவாடியவரின் கணக்கிலிருந்து தொடங்குகிறார்.

காரணைப் பஞ்சமி நிலத்துக்காகப் போராடியவர்கள்மீது 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டு ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்துப் போனார்கள். டிரெமென்ஹீர் அறிக்கைக்கு அப்போது நூறு வயது தாண்டிவிட்டது. அதைத் தூசி தட்டிப் பேசுபொருளாக்கியது இயக்கம். ஆவணம் தானாக எழுந்து வந்து பேசவில்லை.

இதைச் சொல்வதால் இந்த முறையையே நான் நிராகரிக்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சாத்தான்குளத்தை எடுத்துக்கொள்வோம். 2020 ஜூன் 19 அன்று ஜெயராஜும் பென்னிக்ஸும் தரையில் புரண்டு தாங்களே காயம்பட்டுக் கொண்டதாக முதல் தகவல் அறிக்கை எழுதியது. பக்கத்துக் கடைக் கேமராவில் அப்படிப் புரண்ட காட்சி இல்லை. அரசின் கதையாடலை ஒரு கடைக்காரரின் பொருள் உடைத்துப் போட்டது. ஆனால் ஸ்டேஷனுக்குள் நடந்தது? அங்கேயும் கேமரா இருந்தது. சேமிக்க வேண்டிய இடமும் இருந்தது. தினமும் தானே அழிந்துபோகும்படி வைத்திருந்தார்கள் என்று விசாரிக்கப்போன மாஜிஸ்திரேட் எழுதினார். விடிய விடிய அடித்ததைச் சொன்னவர் அங்கே பணியில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலர். பயந்து பயந்துதான் சொன்னார், ஆனாலும் சொன்னார். சுவருக்கு வெளியே கேமரா, உள்ளே ஒரு மனுஷியின் வாய். இதில் எதை மேல் என்பீர்கள்?

தூத்துக்குடியில் 2018 மே 22 அன்று போலீஸ் வேன் மேல் ஏறிக் குறிபார்த்த மஞ்சள் சட்டைக்காரரை நாடே பார்த்தது. 13 பேர் இறந்தார்கள். தப்பி ஓடியவர்களைச் சுட்டார்கள் என்று சொன்ன அருணா ஜெகதீசன் ஆணைய அறிக்கை சட்டமன்றத்துக்கு வர 2022 அக்டோபர் ஆயிற்று. பார்ப்பதற்கும் ஒப்புக்கொள்வதற்கும் நடுவே நாலு வருஷம்.

இனி இந்த முறையின் ஆதரவாளர்கள் அதிகம் பேசாத ஒன்று. இந்தச் சாட்சியங்களில் மிகப் பெரியவை பல, கொன்றவர்கள் எடுத்த படங்கள். 2017-ல் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் லிபியாவின் அல்-வெர்ஃபாலிக்குப் பிடிவாரண்ட் போட்டது சமூக ஊடகத்தில் வந்த கொலை வீடியோக்களை வைத்துத்தான். 2009 ஆகஸ்டில் சேனல் 4 ஒளிபரப்பியதும், நிர்வாணமாக, கண்கட்டப்பட்டு, கைகட்டப்பட்டிருந்தவர்களை ராணுவச் சீருடையினர் சுடும் காட்சி. வெற்றிக்களிப்பில் எடுக்கப்பட்ட படம். போலி என்றது இலங்கை அரசு. ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் அமெரிக்க நிபுணர்கள் மூவரிடம் கொடுத்தார்: துப்பாக்கி, பிணக்கூறு, வீடியோ. உண்மையானதாகவே தெரிகிறது என்று 2010 ஜனவரியில் சொன்னார்கள். கோப்புக்குள் பதிவாகியிருந்த 17 ஜூலை 2009 என்ற தேதி உட்படச் சிலவற்றுக்கு விளக்கம் கிடைக்கவில்லை. போர் மே மாதமே முடிந்துவிட்டது அல்லவா? அந்த ஒரு தேதியைப் பிடித்துக்கொண்டு மறுப்பவர்கள் வெகுநாள் தொங்கினார்கள்.

நாம் அந்தப் படத்தைப் பார்க்கும்போது யாருடைய கண்ணால் பார்க்கிறோம்? கேமராவைப் பிடித்திருந்தவன் கண்ணால். அவன் எங்கே நின்றானோ அங்கேதான் நாமும் நிற்கிறோம். அவன் படமெடுக்காமல் விட்டது நமக்கு நடக்காததாகிவிடுகிறது. 'என் பிள்ளையை நானே கையளித்தேன்' என்று முள்ளிவாய்க்காலிலிருந்து வெளியேறிய தாய்மார் சொல்கிறார்கள். 2017 பிப்ரவரியில் கிளிநொச்சி வீதியோரத்தில் தொடங்கியது அவர்கள் போராட்டம். அவர்களின் வார்த்தை உணர்ச்சி என்ற கணக்கிலும், கொன்றவனின் செல்போன் தரவு என்ற கணக்கிலும் வரவு வைக்கப்படுகிறது. வெண்மணி வழக்கின் மேல்முறையீட்டுத் தீர்ப்பு நினைவுக்கு வருகிறது. 44 பேர் எரிந்த குடிசையை நேரில் பார்த்தவர்கள் சொன்னதைவிட, வசதியான மிராசுதார்கள் தாங்களே நடந்து போய் இதைச் செய்திருப்பார்களா என்ற நீதிபதியின் ஐயம் கனமாக இருந்தது. பிக்ஸலை நம்புவதற்கும் அந்த ஐயத்துக்கும் ஒரு பங்காளி உறவு இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

நடைமுறைக்கு ஒரு வார்த்தை, ஏனெனில் படிப்பவர்களில் பாதிப்பேர் களத்தில் இருப்பவர்கள். வாட்ஸப்பில் சுற்றிய படத்தில் எங்கே, எப்போது எடுத்தது என்ற உட்குறிப்பு பெரும்பாலும் உதிர்ந்துபோயிருக்கும். எடுத்தவரின் போனில் இருக்கும் மூலக் கோப்பு வேண்டும். 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணுப் பதிவோடு சான்றிதழையும் கோப்பின் ஹாஷ் மதிப்பையும் கேட்கிறது. யூடியூபை நம்பி விடாதீர்கள். சிரியாவின் போர்க் காட்சிகள் ஆயிரக்கணக்கில் 2017-ல் அங்கிருந்து நீக்கப்பட்டன. எந்திரம் அவற்றைப் பயங்கரவாதப் பிரச்சாரம் என்று முடிவு செய்துவிட்டது.

தம்பி விஷயத்துக்கு வருகிறேன். தாத்தா இப்போது இல்லை. அவரோடு ஏர் ஓட்டிய பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவரை வண்டியில் உட்காரவைத்து இடத்துக்குக் கூட்டிப்போனோம். பிளாட் கற்களுக்கு நடுவே நின்று, "இங்கதான்டா கெணறு, அந்தக் கெழக்கால" என்று கோலால் தட்டினார். தம்பி போனில் பழைய வருஷத்துப் படத்தைப் பெரிதாக்கினார். கிணற்றின் கறுப்பு வட்டம் இருந்தது. அவர் சந்தோஷத்தில் கத்தவே, பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது. "அது சொன்னாத்தான் நம்புவியா?"

மனுவில் இரண்டு இணைப்புகள் வைத்தோம். பெரியவரின் வாக்குமூலம் முதலாவது, படம் இரண்டாவது. வரிசையை மாற்றச் சொன்னார் வக்கீல். மாற்றவில்லை.