ஜின் அரசனின் அவையில் சுண்டெலியின் வழக்கு

கி.பி. பத்தாம் நூற்றாண்டில் பஸராவில் வாழ்ந்த இக்வானுஸ் ஸஃபா எனும் அறிஞர் குழுவினர், தம் காலத்து அறிவுத் துறைகளை ஐம்பதுக்கும் மேற்பட்ட மடல்களில் தொகுத்தளித்தனர். அவற்றுள் 22ஆம் மடல் ஒரு வழக்கின் கதை. தம்மை அடிமைகளெனக் கருதும் மனிதர்மீது விலங்குகள் ஜின்களின் அரசனிடம் முறையிடுகின்றன. 1316இல் ஹீப்ருவிலும், 1810இல் கல்கத்தா ஃபோர்ட் வில்லியம் கல்லூரிக்காக மௌலவி இக்ராம் அலியால் உருதுவிலும் பெயர்க்கப்பெற்ற இம்மடலைக் கதையழகுக்காகவே பலரும் போற்றுவர். அதன் தீர்ப்பை நான் மீண்டும் ஊன்றிப் படிக்கக் காரணமாயிருந்தது ஒரு மாணவரின் வினா.

பூந்தமல்லியிலிருந்து வரும் அம்மாணவரின் தங்கைக்கு வளர்ச்சி ஹார்மோன் குறைபாடு. இரவுதோறும் ஊசி போடுகிறார்கள். "சுண்டெலியின் படைப்பையே மாற்றிக் கற்ற வைத்தியம் நமக்கு ஆகுமா, ஹஸ்ரத்?" என்று கேட்டார்.

முதலில் செய்தியைத் தெளிவாக்க வேண்டும். 1985 வரை இம்மருந்து இறந்தோரின் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து எடுக்கப்பட்டது. அதைப் பெற்றோருள் சிலருக்குக் கொடிய மூளைநோய் கண்டதால், ஆய்வகத்தில் நுண்ணுயிரிகளைக் கொண்டு உருவாக்கும் மருந்து அதன் இடத்தைப் பிடித்தது. ஆகவே ஊசியில் சுண்டெலி இல்லை. எலும்பு எவ்வாறு வளர்கிறது என்ற அறிவில்தான் அதற்குப் பங்குண்டு. 1982இல் பால்மிட்டர், பிரின்ஸ்டர் முதலான அமெரிக்க ஆய்வாளர்கள், எலியின் வளர்ச்சி ஹார்மோன் மரபணுவைச் சுண்டெலியின் கருமுட்டைகளில் செலுத்தினர். பிறந்த 21 குட்டிகளுள் 7 அம்மரபணுவைப் பெற்றிருந்தன. 6 பெரிதாக வளர்ந்தன. 1999இல் வேறு ஆய்வாளர்கள், ஐ.ஜி.எஃப்-1 எனும் வளர்ச்சிப் பொருளைக் கல்லீரல் மட்டும் சுரக்காதவாறு சுண்டெலிகளை உருவாக்கினர். இரத்தத்தில் அப்பொருள் வெகுவாகக் குறைந்தும் அவை ஏறத்தாழ இயல்பாகவே வளர்ந்தன. அதுவரை கருதியதற்கு மாறாக, எலும்பு போன்ற உறுப்புகளில் அங்கங்கே சுரப்பதும் வளர்ச்சிக்கு உதவுகிறது என்பது புலனாயிற்று. கோப்சிக் குழுவினரின் குள்ளச் சுண்டெலிகளிலிருந்து கிடைத்த அறிவோ, ஹார்மோன் மிகுதியால் கை, கால், தாடை எலும்புகள் பருக்கும் நோய்க்கு 2003இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற மருந்தாயிற்று. இவற்றின் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும்: மிகைவளர்ச்சி பெற்ற சுண்டெலிகள் சிறுநீரக நோயுற்று விரைவில் மடிகின்றன.

இத்தகைய ஆய்வை மறுப்போர் அந்நிஸா அத்தியாயத்தின் 119ஆம் வசனத்தைக் காட்டுவர். படைப்பை மாற்றுதல் ஷைத்தானின் தூண்டுதல் என்பது அதன் கருத்து. ஆயினும் முற்கால விரிவுரையாளருள் ஒரு சாரார் அதை மார்க்கத்தை மாற்றுதல் என்றும், மற்றொரு சாரார் ஆண்மை நீக்கல், பச்சை குத்தல் போன்றவை என்றும் விளக்கினர். அக்கருத்து வேறுபாட்டைக் கண்டும் காணாமல், நோய் தீர்க்கும் ஆய்வு அனைத்தையும் அவ்வசனத்தின்கீழ் அடக்குவது அவசரம்.

ஆதரிப்போரின் வாதமும் அதேயளவு அவசரமானதுதான். உலகம் மனிதனுக்கு வசப்படுத்தப்பட்டது. எலியோ புனித எல்லையிலும் கொல்ல அனுமதிக்கப்பட்ட ஐந்து உயிர்களுள் ஒன்று. பிறகென்ன தடை என்பர். கொல்லும் அனுமதி வதைக்கும் அனுமதியாகாது. எல்லாவற்றிலும் இஹ்ஸானை அல்லாஹ் விதித்துள்ளான் என்பதையும், அறுக்கும்போது கத்தியைத் தீட்டிக்கொள்ள வேண்டும் என்பதையும் நபிகள் நாயகம் (ஸல்) ஒரே ஹதீஸில் உரைத்ததாக ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம். 1262இல் மறைந்த இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம், பயனற்றுப்போன முதிய விலங்குக்கும் உணவளிப்பது உரிமையாளரின் கடமை என்றார். 1960ஆம் ஆண்டின் இந்திய விலங்குவதைத் தடுப்புச் சட்டமும், சோதனைகள் உரிய கவனத்தோடும் மனிதநேயத்தோடும் நடைபெற வேண்டும் என்கிறது. அச்சட்டத்துக்கு வழிகோலிய ருக்மிணி தேவி நம் சென்னையில் வாழ்ந்தவர்.

இனி மடலுக்கு வருவோம். வடிவழகு, அறிவு, தொழில்திறன் என மனிதர் கூறும் பெருமைகளை விலங்குகள் ஒவ்வொன்றாக முறியடிக்கின்றன. முடிவில் ஹிஜாஸைச் சேர்ந்த ஒருவர் மறுமையையும் நிலைவாழ்வையும் முன்வைக்க, வழக்கு மனிதர்பக்கம் சாய்கிறது. மடலின் குறை இங்குதான் உள்ளது. ஆளும் உரிமை யாருக்கு என்ற கேள்விக்கு விடை கிடைத்தது. விலங்குகள் பட்ட துன்பத்துக்கு என்ன பதில் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

எனினும் அத்தீர்ப்பின் அடிப்படையை நோக்கினால் விடை அதனுள்ளேயே இருக்கிறது. மனிதனை உயர்த்தியது மறுமை என்றால், அவனை விசாரணைக்கு நிறுத்துவதும் அதுவே. சுவர்க்கம் உங்களுக்கென்றால் நரகமும் உங்களுக்கே என விலங்குகள் அவையிலேயே சுட்டிக்காட்டின. மனிதன் பெற்ற வெற்றி, அவன் பதில் சொல்லவேண்டிய பொறுப்பன்றி வேறில்லை.

வழக்குரைக்க வந்த தூதருள் தேனீ உண்டு, தவளை உண்டு, சுண்டெலி இல்லை. இன்று அது வந்து நின்றால், "என்னை ஏன் பயன்படுத்தினாய்?" என்பதோடு நில்லாது, "தேவைக்கு மேல் எத்தனை பேரைப் பிறப்பித்தாய்? வலியைத் தணித்தாயா?" என்றும் கேட்கும். மாணவரிடம், "தங்கையின் ஊசியை நிறுத்தவேண்டாம்; அது ஆகும்" என்றேன். ஆனால் அந்த இரு கேள்விகளையும் ஆய்வாளரிடம் கேட்கும் கடமை, அம்மருந்தால் பயன்பெறும் நமக்கும் உண்டு.